கடைத் திருட்டும் 5,000 ரூபாய்க் கோடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடையில் திருடியவர் கையும் களவுமாக மாட்டிக்கொண்டால் அடுத்து என்ன செய்வது என்பதில் பெங்களூருத் தமிழ் வணிகர்களில் பலர் இன்னும் பழைய வழக்கத்தில்தான் இருக்கிறார்கள். சிவாஜிநகர், அல்சூர், ஸ்ரீராமபுரம் கடைத்தெருக்களில் இதைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒருவர் "நாலு தட்டு தட்டி அனுப்பு" என்பார், இன்னொருவர் "ஸ்டேஷனில் உட்காரவை" என்பார். எடுத்த பொருளின் மதிப்பு என்ன என்று கேட்பவரைக் காண்பது அரிது. இன்றைய சட்டத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. திருட்டுக்கான பிரிவு 303. தண்டனை 3 ஆண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். ஆனால் திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, ஆள் முதன்முறை தண்டிக்கப்படுபவராக இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்துவிட்டால் தண்டனை சமூக சேவைதான். அதைவிட முக்கியம், 5,000-க்குக் கீழே இது போலீசார் நேரடியாக விசாரணைக்கு எடுக்கக்கூடிய குற்றம் அல்ல. ஜாமீனும் உண்டு. ஸ்டேஷனில் என்.சி.ஆர். (நேரடியாக விசாரிக்க முடியாத குற்றத்துக்கான பதிவு) மட்டும் பதிவாகும். அதற்கு மேல் விசாரிக்க மாஜிஸ்திரேட் அனுமதி வேண்டும். நானூறு ரூபாய் நெய் டின்னுக்கு எஃப்.ஐ.ஆர். போடவில்லையே என்று எஸ்.ஐ.யிடம் சண்டை பிடிப்பதில் பயனில்லை. அவர் சட்டப்படிதான் நடக்கிறார்.

இந்த 5,000 ரூபாய்க் கோடு கடைக்காரரையும் கட்டுப்படுத்துகிறது. பொதுமக்களில் ஒருவர் இன்னொருவரைப் பிடித்து வைக்க, புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அதற்குக் குற்றம் கண்முன் நடந்திருக்க வேண்டும், போலீசார் வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடியதாக இருக்க வேண்டும், ஜாமீன் தரமுடியாததாகவும் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் அந்த அதிகாரம். பிடித்தவரை 6 மணி நேரத்துக்குள் போலீசாரிடம் ஒப்படைத்தாக வேண்டும். இருநூறு ரூபாய் ஷாம்பு பாட்டிலுக்காக ஒருவரைக் கிடங்கில் பூட்டி வைத்தால், பூட்டியவர் மேல்தான் சட்டவிரோதச் சிறைவைப்பு வழக்கு வரும். நியாய சன்ஹிதாவின் பிரிவு 127, ஓராண்டு வரை. கடையைப் 'பொருள் பாதுகாக்கும் கட்டடம்' என்று கொண்டு 305-ஆம் பிரிவில் வழக்குப் போடவும் இடமுண்டு. அதில் 7 ஆண்டு வரை தண்டனை. ஆனால் எந்தப் பிரிவு என்பதைத் தீர்மானிப்பது ஸ்டேஷன், கல்லாவில் இருப்பவர் அல்ல. அதை நம்பி யாரையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தக் கூடாது.

ஆகவே எது போயிற்று, எத்தனை போயிற்று, விலை என்ன என்பதைச் சில நிமிடங்களில் சொல்ல முடிகிற கடைக்குத்தான் சட்டம் உதவும். பெரும்பாலான கடைகளில் அப்படிச் சொல்ல முடிவதில்லை. இருப்பு எடுப்பது ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் ஆடிட்டர் கேட்டால்.

கடையில் உள்ள எல்லாச் சரக்கையும் தினமும் எண்ண முடியாது, எண்ணவும் வேண்டாம். சிறியதாக, விலை கூடியதாக, வெளியே சுலபமாக விற்கக்கூடியதாக உள்ள பத்துப் பன்னிரண்டு பொருள்தான் அதிகம் போகும். மளிகையில் ஷேவிங் பிளேடு, சாக்லேட், சென்ட், குழந்தைப் பால் பவுடர், முந்திரி, ஏலக்காய், நெய், காபித்தூள். இவற்றை மட்டும் ஒரு நோட்டில் எழுதி, கடை அடைக்கும்போது எண்ணினால் போதும். கால் மணி நேர வேலை. நேற்றிரவு இருப்போடு இன்று வந்த சரக்கைக் கூட்டி, பில் ஆனதைக் கழித்தால் ரேக்கில் எத்தனை இருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். குறைந்தால் அன்றைக்கே கேமராவைப் பார்க்கலாம். மாதக் கடைசியில் தெரிந்தால் பதிவே இருக்காது. அந்தக் கணக்கைக் கீழே சொல்கிறோம்.

குறைவதெல்லாம் திருட்டும் அல்ல. 400 மில்லி பாட்டிலுக்கு 200 மில்லியின் பார்கோடு ஸ்கேன் ஆகியிருக்கும். ஏஜென்சி ஆள் 24 என்று எழுதிய அட்டைப் பெட்டியில் 22 இருந்திருக்கும், அவசரத்தில் யாரும் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். காலாவதிச் சரக்கைத் திருப்பிக் கொடுத்தவர் நோட்டில் குறித்திருக்க மாட்டார். முதலாளி வீட்டுக்குக் கொண்டுபோன காபித்தூளும் கணக்கில் திருட்டாகத்தான் நிற்கும். அதற்கு எந்தக் கேமராவும் உதவாது. இந்த நான்கையும் கழித்த பிறகு மிஞ்சுவதை வைத்தே சந்தேகப்பட வேண்டும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்கள் கணக்கைப் பார்க்கட்டும். 100 ரூபாய் விற்றால் 8 ரூபாய் நிற்கிற கடையில், கொள்முதல் விலை 480 ரூபாய் உள்ள ஒரு பால் பவுடர் டப்பா போனால், அதை ஈடுகட்ட 6,000 ரூபாய்க்கு விற்றாக வேண்டும்.

அடுத்தது அடுக்கும் முறை. ரேக் வரிசைகள் கல்லாவுக்குக் குறுக்கே நின்றால் பில் போடுபவருக்கு ரேக்கின் முதுகுதான் தெரியும். கல்லாவிலிருந்து பார்த்தால் சந்துகள் நீளவாக்கில் கடைசிவரை தெரிய வேண்டும். நடு ரேக்குகள் நாலரை அடிக்கு மேல் போகக் கூடாது. உள்ளே நிற்பவரின் தலையும் தோளும் தெரிந்தால் போதும். சுவரோரம் எவ்வளவு உயரமும் இருக்கலாம். கண்ணுக்கு எட்டாத மூலையில் 24 அங்குலக் குவியாடி ஒன்றை மாட்டலாம். விலை கூடிய பொருளை முன் வரிசையில் எப்போதும் ஒரே எண்ணிக்கையில், ஐந்து என்றால் ஐந்து, வைத்தால் இடைவெளி விழுந்ததும் பையனுக்கே தெரியும். குவியலாகக் கொட்டி வைத்தால் மூன்று போனாலும் தெரியாது.

வாசலில் அலாரம் கேட் வைக்க விரும்பும் ஜவுளி, சூப்பர்மார்க்கெட் கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சந்தையில் பெரும்பாலும் இரண்டு வகை உண்டு. 8.2 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் ஆர்.எஃப். வகையின் காகித லேபிள் மலிவு. ஆனால் தகர டின், அலுமினியத் தாள் பாக்கெட் ஆகியவற்றின் மேல் ஒட்டினால் உலோகம் அதன் அலையை அடக்கிவிடும், கேட் கத்தாது. 58 கிலோஹெர்ட்ஸ் ஏ.எம். வகை உலோகத்தை ஓரளவு சமாளிக்கும், வாசலும் அகலமாக இருக்கலாம், விலை கூடுதல். எதுவானாலும் பில் போடும்போது லேபிளைச் செயலிழக்கச் செய்ய மறந்தால் நல்ல வாடிக்கையாளர் போகும்போதெல்லாம் கத்தும். நாலு நாளில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இருநூறு சதுர அடிக் கடைக்கு இது தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. அந்தப் பணத்துக்கு மாலை 6 முதல் 9 வரை ஒரு கூடுதல் ஆள் வைக்கலாம்.

சிக்பேட்டைப் பட்டுக் கடைகளிலும் நகர்த்பேட்டை நகைக் கடைகளிலும் உத்தி வேறு. மூன்று நான்கு பேராக வருவார்கள். ஒருவர் மேல் தட்டில் உள்ளதைக் கேட்பார், விற்பனையாளர் முதுகைக் காட்டித் திரும்புவார், அந்த நொடியில் குவியலின் அடியிலிருந்து ஒரு மடிப்பு போய்விடும். எனவே ஒரு வாடிக்கையாளர் முன் ஆறு புடவைக்கு மேல் விரிந்து கிடக்கக் கூடாது. ஏழாவதைக் கேட்டால் ஒன்று மடித்து உள்ளே போக வேண்டும். எடுத்துக் கொடுப்பவர் வேறு, விரித்துக் காட்டுபவர் வேறு என்று இருந்தால் யாரும் முதுகு காட்ட வேண்டியதில்லை. நகையில் தட்டுக்கு இத்தனை குழி என்று இருக்கிறது. ஒன்று குழிக்குத் திரும்பிய பிறகே அடுத்தது வெளியே வர வேண்டும். கையில் ஒன்று, கழுத்தில் ஒன்று, மேசையில் இரண்டு என்று விட்டால் கவரிங்கை வைத்துவிட்டுத் தங்கத்தை எடுத்துப்போக வசதியாகிவிடும். தட்டை உள்ளே வைக்கும்போது குழியை எண்ணினால் போதாது, எடையும் போட வேண்டும். மாற்றி வைத்தால் எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும்.

கேமராவுக்கு வருவோம். எட்டுக் கேமரா மாட்டியும் ஒரு முகம்கூடக் கிடைக்காத கடைகள் ஏராளம். காரணம் லென்ஸும் உயரமும். எல்லா இடத்திலும் 2.8 மி.மீ. லென்ஸ் மாட்டிவிடுகிறார்கள். அது கடை முழுவதையும் காட்டும். ஆனால் 2 மெகாபிக்சல் கேமராவில் 13 அடி தூரத்தில் நிற்பவரின் முகம் 30 புள்ளி அகலம்கூட வராது, ஆளை அடையாளம் காட்ட அது போதாது. வாசலைப் பார்க்கும் ஒரு கேமராவில் மட்டும் 6 மி.மீ. லென்ஸ் போட்டால் அதே தூரத்தில் 70 புள்ளி கிடைக்கும். அந்தக் கேமரா கூரையில் இருந்தால் தொப்பியும் உச்சந்தலையும்தான் பதிவாகும். ஆறு, ஆறரை அடி உயரத்தில், வெளியே போகிறவரின் முகத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். வாசலுக்கு வெளியே வெயில் அடித்தால் உள்ளே நிற்பவர் கரிய நிழலாகத் தெரிவார். வெளிச்சத்தையும் நிழலையும் ஒருசேரத் தெளிவாகக் காட்டும் டபிள்யூ.டி.ஆர். வசதி உள்ள கேமராதான் இதற்குத் தீர்வு, விளக்குப் போடுவது அல்ல.

பதிவு எத்தனை நாள் நிற்கும்? காட்சியைச் சுருக்கிப் பதியும் எச்.265 முறையில் நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் ஒரு கேமரா ஒரு நாளைக்குச் சுமார் 21 ஜி.பி. எடுக்கும். நான்கு கேமராவுக்கு 1 டி.பி. ஹார்ட் டிஸ்க் 11, 12 நாள் வரும். எட்டுக் கேமரா என்றால் 5, 6 நாள்தான். பழைய எச்.264 முறை டி.வி.ஆர். (கேமரா பதிவுப் பெட்டி) என்றால் அதிலும் பாதி. 30 நாள் வேண்டுமானால் நான்கு கேமராவுக்கு 3 டி.பி.க்குக் குறையக் கூடாது. ஒரே நேரத்தில் 100 பேரோ, நாளொன்றுக்கு 500 பேரோ வந்துபோகும் இடங்கள் 30 நாள் பதிவை வைத்திருக்க வேண்டும் என்று கர்நாடகத்தில் 2017-ஆம் ஆண்டுப் பொதுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் பல கடைகள் இந்தக் கணக்குக்குள் வரும்.

டி.வி.ஆர். கடிகாரத்தையும் வாரம் ஒருமுறை கைப்பேசி நேரத்தோடு ஒப்பிட வேண்டும். உள்ளே இருக்கும் வட்ட பேட்டரி செத்திருந்தால் ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் தேதி பின்னால் போய்விடும். திருட்டு நடந்தது மாலை 7 மணி, பதிவில் காலை 4 மணி என்று இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேலை மிச்சம். ஷட்டரை நெம்பி வருபவர்கள் முதலில் தேடுவதும் டி.வி.ஆரைத்தான். அதைக் கல்லா மேசைக்குக் கீழே வைக்காமல் பூட்டிய இரும்புப் பெட்டியில் மேலே வைத்து, வாசல் கேமராவுக்கு மட்டுமாவது இணையத்தில் இன்னொரு பதிவு போகும்படி செய்வது நல்லது.

சரி, எடுப்பதைப் பார்த்துவிட்டீர்கள். இங்கேதான் அவசரம் கெடுக்கிறது. ரேக்கிலிருந்து எடுத்ததைப் பார்த்திருக்க வேண்டும், மறைத்ததைப் பார்த்திருக்க வேண்டும், அதன்பின் ஆளைக் கண்ணிலிருந்து விட்டிருக்கக் கூடாது, பில் போடும் இடத்தைத் தாண்டியிருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் விட்டுவிடுங்கள். இடையில் நீங்கள் திரும்பிய நேரத்தில் அவர் பொருளை வேறு ரேக்கில் சொருகியிருக்கலாம். பில் கவுண்ட்டருக்கு முன்பே மடக்கினால் "கொடுக்கத்தான் வந்தேன்" என்று சொல்ல வழியிருக்கிறது.

அணுகும்போது இரண்டு பேர் போக வேண்டும். பெண்ணிடம் பேசுவது பெண்ணாக இருக்கட்டும். "அக்கா, பையில இருக்கிற ஒண்ணு பில்லுல ஏறலை போல, வாங்க, பார்த்துடலாம்" என்ற ஒரு வரி போதும். தமிழிலோ கன்னடத்திலோ, குரல் உயராமல். பெரும்பாலானவர்கள் எடுத்து வைத்துவிடுவார்கள் அல்லது பணம் கொடுப்பார்கள். மறுத்தால் பையைப் பிடுங்கவோ உடலைத் தடவிப் பார்க்கவோ கடைக்காரருக்கு அதிகாரம் கிடையாது. 112-க்கு அழைத்தால் போலீசாரின் ஹொய்சளா ரோந்து வண்டி வரும். அதற்குள் அவர் போகிறேன் என்றால் போகட்டும். போன திசை, வண்டி எண், உடை நிறம் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். தெருவில் துரத்தவே கூடாது. "கள்ளன்" என்று ஒரு குரல் கொடுத்தால் கூடுகிற கூட்டம் யார் சொல்லியும் நிற்காது. அடி விழுந்த பிறகு போலீசார் முதலில் தேடுவது குரல் கொடுத்த கடையைத்தான். தப்பிக்கும்போது அவர் யாரையாவது அடித்தாலோ கத்தியைக் காட்டினாலோ அது திருட்டு அல்ல, கொள்ளை. பிரிவு 309, 10 ஆண்டு வரை, மதிப்புக் கணக்கே இல்லை. அதை 112-இல் அழைக்கும்போதே தெளிவாகச் சொல்ல வேண்டும்.

"திருடினால் பத்து மடங்கு அபராதம்" என்று பலகை மாட்டியிருக்கிற அன்பர்கள் அதைக் கழற்றிவிடலாம். அபராதம் போடும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டுமே. போலீசைக் கூப்பிடுவேன் என்று மிரட்டிப் பணம் வாங்கினால் அது மிரட்டிப் பறித்தல், பிரிவு 308, 7 ஆண்டு வரை. நெய் டின் எடுத்தவருக்குச் சமூக சேவை, எடுத்ததற்குப் பத்து மடங்கு வாங்கியவருக்குச் சிறை என்று முடியும்.

பிடிபட்டவர் 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோருக்குச் சொல்லுங்கள், இல்லையென்றால் குழந்தைகள் உதவி எண் 1098. சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி அந்தப் பிள்ளையின் பெயரோ படமோ எந்த வடிவத்திலும் வெளியாகக் கூடாது. மீறினால் 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். வணிகர் வாட்ஸ்அப் குழுவில் கேமரா படத்தைப் போடுவதும் இதில் அடங்கும். பெரியவர்கள் படத்தையும் ஸ்டேஷனுக்குக் கொடுங்கள், குழுவுக்கு வேண்டாம். ஆள் மாறிப்போனால் அவதூறு வழக்கு உங்கள் வாசலில் நிற்கும்.

புகார் கொடுக்கும் இடத்தில்தான் தமிழ் வணிகர்கள் தயங்குகிறார்கள், கன்னடத்தில் எழுத வராது என்று. வாயால் சொன்னாலும் எழுதிக்கொண்டு படித்துக் காட்ட வேண்டியது ஸ்டேஷனின் கடமை. ஆனாலும் ஒரு பக்கப் படிவத்தைக் கன்னடத்தில் முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்வது வேலையைக் குறைக்கும். கடை முகவரி, தேதி, நேரம், பொருள், எண்ணிக்கை, கொள்முதல் பில் எண், விற்பனை விலை, பார்த்தவர் பெயர், கேமரா எண் ஆகியவற்றுக்கு இடம் விட்டு அச்சடித்தால் போதும். எஃப்.ஐ.ஆர். ஆனால் அதன் நகல் இலவசம். இணையம் வழியாகப் புகார் அனுப்பினால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். தொலைந்த பொருளுக்கான இ-லாஸ்ட் பதிவில் திருட்டைப் போடாதீர்கள். அது தொலைந்ததாகவே கணக்காகும், பின்னால் இன்ஷூரன்ஸிலும் இடிக்கும். 5,000-க்கு மேல் உள்ள திருட்டுக்கும் ஸ்டேஷன் மறுத்தால் போலீஸ் துணை ஆணையருக்கு (டி.சி.பி.) எழுத்தில் அனுப்பலாம், அதன்பின் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

கேமரா காட்சியைப் பென் டிரைவில் கொடுத்தால் மட்டும் சாட்சியமாகாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். அதன் முதல் பாகத்தை டி.வி.ஆரைப் பராமரிப்பவர் நிரப்ப வேண்டும். கருவியின் கம்பெனி, மாடல், வரிசை எண்ணோடு அந்தக் கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்ணான ஹாஷ் மதிப்பையும் எழுத வேண்டும். இரண்டாம் பாகம் நிபுணர் கையெழுத்து. சின்னக் கடைக்காரர் நிபுணருக்கு எங்கே போவார்? இங்கே நகரப் போலீசாருக்கு ஒரு கோரிக்கை. டி.வி.ஆரையே கழற்றிக்கொண்டு போய்க் கடையை மாதக்கணக்கில் கண்ணில்லாமல் விடுவதைவிட, ஸ்டேஷன் எல்லைக்கு ஒரு தொழில்நுட்ப ஆளை அனுப்பிக் கடையிலேயே நகலெடுத்து, ஹாஷ் எடுத்து, இரண்டாம் பாகத்தையும் முடித்துத் தரலாம்.

கடை ஆட்களின் திருட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஒன்று, ரத்து செய்த பில்களைப் பார்ப்பது. வாடிக்கையாளர் பணம் கொடுத்துப் போன பிறகு பில்லை ரத்து செய்து பணத்தை எடுப்பதுதான் அடிக்கடி நடப்பது. பில்லிங் மென்பொருளில் ரத்து, சரக்கைத் திரும்பப் பெறுதல் இரண்டுக்கும் தனி பாஸ்வேர்டு வைத்து, அந்த நேரத்துக் கேமராவில் கவுண்ட்டர் முன் ஆள் இருந்தாரா என்று பார்த்தால் போதும். குறையும் தொகையை எல்லார் சம்பளத்திலும் பங்கு போட்டுப் பிடிப்பது தவறு. சம்பந்தப்பட்டவரிடம் விளக்கம் கேட்காமல் பிடிக்கவும் முடியாது. அப்படிப் பிடிக்கிற கடையில் குறைவதை யாரும் முதலாளியிடம் சொல்ல மாட்டார்கள்.

யு.பி.ஐ. ஏமாற்றையும் இதோடு சேர்க்கலாம். ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துச் சரக்கைக் கொடுக்காதீர்கள், ஒலிப்பெட்டி சொல்ல வேண்டும் அல்லது உங்கள் ஆப்பில் வர வேண்டும். கியூஆர் அட்டைமேல் வேறு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போகிறார்கள். காலையில் கடை திறந்ததும் 1 ரூபாய் அனுப்பி யார் பெயர் வருகிறது என்று பாருங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் பாலிசியை ஒருமுறை படிக்கட்டும். வழக்கமான கடைப் பாலிசிகளில் பூட்டையோ ஷட்டரையோ உடைத்து நுழைந்ததற்குத்தான் பணம். பகலில் ரேக்கிலிருந்து போனதற்கும், இருப்பு எடுக்கும்போது குறைந்ததற்கும் கிடைக்காது. ஆட்கள் எடுத்ததற்கு விசுவாச உத்தரவாதப் பாலிசி தனியாக எடுக்க வேண்டும். ஜி.எஸ்.டி.யிலும் ஒன்று உண்டு. 17(5)(எச்) பிரிவுப்படி திருட்டுப் போன சரக்கின் உள்ளீட்டு வரிச் சலுகையைத் திருப்பிக் கட்ட வேண்டும். சரக்கும் போய், அதன் வரியும் நம் தலையில்.

திருடிய சரக்கு மீட்கப்பட்டால் அது நீதிமன்றத்துக்குப் போகும். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497-ஆம் பிரிவு இப்போது கெடு வைத்திருக்கிறது. பொருள் வந்த 14 நாளுக்குள் நீதிமன்றம் பட்டியல் எழுதிப் படமோ காணொளியோ எடுக்க வேண்டும், அதிலிருந்து 30 நாளுக்குள் யாரிடம் ஒப்படைப்பது என்று உத்தரவிட வேண்டும். தானாக நடக்கும் என்று காத்திராமல் கொள்முதல் பில்லோடு மனுப் போட வேண்டும். புடவைக்குப் பீஸ் எண், நகைக்கு ஹால்மார்க்கோடு வரும் எச்.யு.ஐ.டி. எண் இருந்தால் தன்னுடையது என்று காட்டுவது எளிது. எண் இல்லாத பாத்திரம், துணி வகைகளில் உட்புறம் கடை முத்திரையைச் சிறியதாகப் போட்டு வைப்பது சரக்கு வந்திறங்கும் அன்றே செய்ய வேண்டிய வேலை.

இப்படிக்கு,
சிவாஜிநகர், அல்சூர் பகுதிச் சிறு வணிகர்கள் சிலர்,
பெங்களூரு.